வயது தாண்டிய மூவர்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் வடக்குத் திடல் ஹாக்கிக் கழகத்தின் அறைக்குள் இருந்தவர்கள் மூவர். வாசலையொட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இருவர். உள்ளே, தேர்வுக் குழுவின் தலைவர் சுகிர்தம், உதவி பெறும் தொடக்கப் பள்ளியொன்றில் முப்பத்தோராண்டு பணியாற்றித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது; பயிற்சியாளர் கெங்குராஜ்; ஒரு காலத்தில் தென் மாவட்டங்களில் பெயர் சொன்ன ஆட்டக்காரராக இருந்து, இப்போது இரண்டு முழங்காலும் பழுதாகிப்போன அய்யாத்துரை. வெளியே, வினோலியாவும் பேச்சித்தாயும். வேறு யாரும் இல்லை. பின்னாளில் கோவில்பட்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்; அவர்கள் இல்லை.

தீர்மானிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். போட்டி பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கானது. பதினெட்டுப் பேர் கொண்ட அணியில் மூன்று பேர் மட்டும் வயது தாண்டியவர்களாக, அதாவது பத்தொன்பதைக் கடந்து இருபத்தொன்றைக் கடக்காதவர்களாக, இருக்கலாமென்று அமைப்பாளர்கள் விதி வகுத்திருந்தார்கள். வயதுக்குட்பட்ட பதினைந்து பெயர்களும் முந்தின நாளே முடிந்துவிட்டன. வயது தாண்டிய மூவரில் கோல்கீப்பர் மகரஜோதியைப் பற்றியும் முன்வரிசை இந்துமதியைப் பற்றியும் யாருக்கும் இரண்டாவது எண்ணம் இல்லை. மிச்சமிருந்த ஓரிடத்துக்குப் பெயர்கள் இரண்டு. கெங்குராஜ் வினோலியா என்றார். அய்யாத்துரை பேச்சித்தாய் என்றார். ஐந்து மணிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். அப்போது மணி நான்கு. இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். சுகிர்தம், கழகத்தில் சேர்ந்தபோது அவர்கள் எழுதிய விண்ணப்பத் தாள்களை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்கு அந்தத் தாள்களில் பார்க்க ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகளாக அவற்றில் ஒன்று அவருக்கு மனப்பாடம்.

பிறந்த தேதி, இரண்டு, ஆறு, இரண்டாயிரத்தைந்து. நீல மையில், பேச்சித்தாயின் உருண்டைக் கையெழுத்தில். கீழே, பயின்ற தொடக்கப் பள்ளி என்ற கட்டத்தில், சுகிர்தம் வேலை பார்த்த பள்ளியின் பெயர். அந்தப் பெண்ணுக்கு அந்தத் தேதியைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை, யாருக்குத் தன் பிறந்த தேதியைப் பற்றிச் சந்தேகம் வரும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, அச்சில் ஏறிய பிறகு அது மழை பெய்தது மாதிரி, நடந்த விஷயமாகிவிடுகிறது. ஒரு பேனா. கறுப்பு மை. அப்போது அவரிடம் ஒரு கறுப்பு மைப் பேனா இருந்தது, மூடி கழன்று கழன்று விழும், பட்டுநூல் சுற்றி வைத்திருந்தார். இது ஏன் நினைவுக்கு வருகிறது. மூடியைப் பற்றியா இப்போது யோசிப்பது. ஹாக்கியைப் பற்றி யோசிக்க வேண்டும். மூன்றாவது இடத்துக்கு எது தேவை, முன்வரிசையா, நடுவரிசையா, அதுதான் கேள்வி, அதுமட்டும்தான் கேள்வி என்று அவர் தமக்குள் ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டார், வகுப்பில் கடைசி வரிசைக்குச் சொல்வது போல. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகியது. கெங்குராஜ் மடிக்கணினியைத் திறந்து பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தவர், சும்மா இருக்க முடியாமல் சிரித்தார்.

“பாத்தீங்களா டீச்சர், பதினேழு பேருல பதினோரு பேரு மே, ஜூன்ல பொறந்திருக்காளுக. நம்ம ஊர்ல பள்ளிக்கூடம் தொறக்கிற நேரம் பாத்துத்தான் பிள்ளை பெறுவாக போல.”

“எனக்கும் ஜூன் ஒண்ணுதாம்ப்பா,” என்றார் அய்யாத்துரை. “எங்க ஆத்தா சாகுற வரைக்கும் புரட்டாசின்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யாரு கேட்டா? வாத்தியாரு எழுதினதுதான் நெலச்சுச்சு.”

இருவரும் சிரித்தார்கள். சுகிர்தமும் சிரித்தார், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்பதற்காகச் சிரிக்கவில்லை, சிரிப்பு தானாக வந்தது, வந்தபிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. வாத்தியார் எழுதியதுதான் நிலைத்தது. எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார். இந்த ஊரில் அது குற்றமாகவே யார் காதிலும் விழாது. ஐந்து வயது நிரம்பாவிட்டால் முதல் வகுப்பில் சேர்க்க முடியாது, ஆகவே நிரப்பிவிடுவது. பிள்ளையின் அப்பாவும் ஒப்புக்கொள்வார், அம்மாவும் ஒப்புக்கொள்வாள், ஊரெல்லாம் ஜூனில் பிறந்தது. ஆனால் அவையெல்லாம் ஒரு மாதம், மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். நான் எழுதியது பதினேழு மாதம். கார்த்திகையில் பிறந்த பிள்ளையை அதற்கு முந்தின வருஷத்து வைகாசிக்குத் தூக்கிப் போட்டது. ஒன்றரை வருஷம். மூன்றரை வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையாக உட்கார்ந்தது. அதுவும் அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டுமென்பதற்காகவா? இல்லை. ஆகஸ்ட் முதல் தேதி எண்ணிக்கைக்காக. அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கு மூன்று ஆசிரியர், அறுபது என்றால் இரண்டு, மூன்றாமவரான நான் உபரி. உபரி என்ற சொல்லை அன்றைக்கு அலுவலகத்தில் எத்தனை சுலபமாக வாயில் வைத்துப் பேசினார்கள், பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியவளை. பணிநிரவல். மாவட்டத்தின் மறுகோடியில் எங்கோ ஒரு பள்ளி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பள்ளியில் அன்றைக்கு ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். மூன்று குறைந்தது. மூன்றையும் அவரேதான் தெருத்தெருவாகப் போய்ப் பிடித்து வந்தார்.

அம்மா படுக்கையில் கிடந்தாள், அதனால்தான். இதுதான் அவர் எப்போதும் வந்து சேருகிற இடம். படுத்த படுக்கையான அம்மாவை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி எப்படிப் போய்வருவது, வேறு வழியில்லை, பிள்ளைக்கும் அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது. இந்த இடத்தில் வந்து நின்றதும் மனம் ஆறிவிடும், இத்தனை வருஷமாக ஆறியிருக்கிறது. ஆனால் இன்றைக்குத் தாளை மேசைமேல் வைத்து, ஆண்டும் மாதமும் கண்முன்னால் இருக்க, அவர் கணக்கு டீச்சரின் பழக்கத்தில் விரலை மடக்கினார். அம்மா விழுந்தது குளியலறையில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வீட்டில் நட்சத்திரம் கட்டியிருந்தது, அந்த நட்சத்திரத்துக்கு வயர் இழுத்தது தம்பி, தம்பி பம்பாயிலிருந்து வந்தது இரண்டாயிரத்துப் பதினொன்றில். பதினொன்று டிசம்பர். பிள்ளையைச் சேர்த்தது பத்து ஜூன். சுகிர்தம் மறுபடியும் மடக்கினார். மாறவில்லை. அந்த ஜூனில் அம்மா நன்றாக இருந்தாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து முறுக்கு மாவு பிசைந்தாள், சர்ச்சுக்கு நடந்தே போனாள், மருமகளை வைதாள். அப்படியானால் படுக்கை எங்கிருந்து வந்தது. ஒன்றரை வருஷம் முன்னால் கொண்டுபோய் வைத்தது யார். பிள்ளையின் பிறந்த நாளை நகர்த்திய அதே கை அம்மாவின் படுக்கையையும் நகர்த்தியிருக்கிறது, அதே ஒன்றரை வருஷம், அளந்து வைத்தது போல. இதை அவர் ஒரு நிமிஷம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். வியப்பாகக்கூட இருந்தது. பொய் சொல்கிற பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சொன்ன பொய்யை மறந்தே போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறார். அவர்களைத்தான் திருத்த முடியாது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசியும் இருக்கிறார்.

அப்படியானால் எதற்காக எழுதினேன். உபரி என்று சொல்லப்படக்கூடாது என்பதற்காக. அவ்வளவுதான். பஸ்கூட இல்லை. சுகிர்தம் டீச்சர் உபரியாகிப் போனாராமே என்று கடைவீதியில் ஒருத்தர் கேட்கக்கூடாது என்பதற்காக.

டீ வந்தது. எதிர்க் கடைக்காரர் ஐந்து கிளாஸையும் வாசலில் வைத்துவிட்டுப் போக, வினோலியா எழுந்து மூன்றை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். உயரமான பெண், தோள் அகலம், மதுரையில் கல்லூரிப் படிப்பு, ஹாக்கியால் கிடைத்த இடம். இந்தப் போட்டி அவளுக்கு வேண்டும். ஆனால் இது இல்லாவிட்டாலும் அவளுக்கு அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது. அவள் போனதும் கெங்குராஜ் மறுபடியும் ஆரம்பித்தார். முந்தின தொடரில் நாலு ஆட்டத்தில் முப்பது பெனால்டி கார்னர் கிடைத்தது, உள்ளே போனது இரண்டே இரண்டு. கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து வந்து தூக்கி விடுகிற ஆள் வினோலியாவைத் தவிர இந்த வட்டாரத்திலேயே இல்லை. அய்யாத்துரை விடவில்லை. கோல் போட்டவள் பெயர் பேப்பரில் வரும், அவள் காலடிக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்று எந்தப் பேப்பரும் எழுதாது, ஆட்டத்தைத் தாங்குவது நடுவில் நிற்கிற ஹாஃப்தான் என்றார். அதற்குக் கெங்குராஜ் நிதானமாகப் பதில் சொன்னார்.

“அண்ணாச்சி, நீங்க ஹாஃப் ஆடினவுக, அதனால சொல்லுதீக. ஹாஃபுக்கு நம்ம பதினஞ்சுலயே மூணு பிள்ளைக இருக்காளுக. அதுல ரெண்டு பேரு பேச்சித்தாய் அளவுக்கு இல்லதான். இருந்தாலும் நின்னு ஆடிருவாளுக. கார்னருக்கு யாரு இருக்கா? சொல்லுங்க, ஒருத்தி பேரு சொல்லுங்க.”

அய்யாத்துரை டீயை உறிஞ்சினார்.

சரியான பேச்சு. சுகிர்தத்துக்கு அது சரியென்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது, ஒரு தேர்வுக் குழுத் தலைவர் என்ற முறையில் இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. வயது தாண்டிய நால்வரில் பேச்சித்தாய் நான்காவது. நான்கு பேரில் நான்காவதை விடுவதற்கு ஒரு மணி நேரம் எதற்கு. ஆனால் அவள் நால்வரில் ஒருத்தியே இல்லையே. இங்கேதான் மனம் ஒவ்வொரு முறையும் முள்ளில் துணி மாட்டியது போல நின்றுவிடுகிறது. அவளுக்கு இன்னும் பத்தொன்பது நிரம்பவில்லை. நேற்று முடிந்த பதினைந்து பெயர்களில் அவள் இருக்க வேண்டும், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ, யாரும் வாயைத் திறக்காமல் எழுதப்பட்டிருக்க வேண்டிய பெயர். நேற்று நாங்கள் பதினைந்தாவது பெயருக்காக மாவட்டம் முழுக்கத் தேடினோமே, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஃபோன் போட்டு, கடைசியில் இன்னும் பந்தை நிறுத்தத் தெரியாத ஒரு பிள்ளையை எழுதினோமே, அது பேச்சித்தாயின் இடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த சின்னப் பிள்ளைகள் போட்டியிலும் அப்படித்தான். வயது தாண்டிவிட்டது என்று கெங்குராஜ் சொன்னபோது அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு ஊற்றப் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். விதி விதிதான் என்று ஒரு வார்த்தையும் சொன்னேன். சொன்னேனா. சொன்னேன்.

அவளுடைய அப்பாவின் முகம் நினைவில் இல்லை, அம்மாவின் முகம் இருக்கிறது. காதில் ஒற்றைக் கல் தோடு. இடுப்பில் இந்தப் பிள்ளை, மூக்கு ஒழுகிக்கொண்டு, டீச்சரின் கண்ணாடியைப் பிடுங்கக் கை நீட்டிக்கொண்டு. டீச்சர், அவ கார்த்திகையிலல்லா பொறந்தா, வீட்டுக்குள்ள வெள்ளம் வந்த கார்த்திகை, இப்பத்தான மூணு முடிஞ்சு அஞ்சாறு மாசம் ஆகுது, என்று அவள் சொன்னாள். சத்தமாக, வாசலில் நின்று, தெளிவாகச் சொன்னாள். அவளுக்குத் தேதி தெரியும். தெரியாத தாயிடம் உத்தேசமாக ஒன்றைக் கேட்டு எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. நான்தான், வைகாசி என்று போட்டால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியும், மதியம் சாப்பாடு போடுவோம், சீருடை கொடுப்போம், பிள்ளை எங்களோடு பத்திரமாக இருக்கும் என்றேன். அவளும் சிரித்தாள். வயசு கூடுனா நல்லதுதான் டீச்சர், சீக்கிரம் கல்யாணத்த முடிச்சிரலாம். அப்பன்காரன் கைநாட்டோ கையெழுத்தோ வைத்தான். அவ்வளவு நேரம்தான். பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கும். முதல் பாடவேளை முடிவதற்குள் கரும்பலகைக்குக் கீழே தரையில் படுத்துத் தூங்கிவிடும், மற்றப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய் எழுதுவார்கள். சிலேட்டில் அ எழுதச் சொன்னால் முழு சிலேட்டிலும் ஒரே கோடாக இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். மக்கு என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் சொன்னார். நான் மறுத்துப் பேசினேனா. பேசவில்லை. அதற்கு வயது போதாது என்று சொல்லியிருந்தால் எதனால் என்று கேட்டிருப்பார். அது ஐந்தாம் வகுப்புவரை மக்காகவே இருந்தது. ஓட்டத்தில் மட்டும் பிந்தியதில்லை. தன்னைவிட ஒன்றரை வயது மூத்த பிள்ளைகளோடு தினமும் ஓடி ஓடி. அதனால்தானே இன்றைக்கு இப்படி ஆடுகிறாள் என்று ஒரு நினைப்பு சட்டென்று வந்தது, இதமாக வந்தது, ஒருவிதத்தில் நான்தான் அவளை. சுகிர்தம் அதை அங்கேயே அறுத்தார். கூசவில்லையா உனக்கு, என்று தம்மைத் தாமே ஒருமையில் கேட்டுக்கொண்டார்.

வாசல் வழியே பெஞ்சின் ஓரம் தெரிந்தது. பேச்சித்தாயின் வலது கால் மட்டும், முழங்காலுக்குக் கீழே பழைய தழும்போடு, நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு என்ன போகிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆவணி பிறந்தால் நூல் மில் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார், இந்தப் போட்டிவரைக்கும்தான் தவணை. போட்டிக்கு மாநில முகாமிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள், அவர்கள் கண்ணில் பட்டால் விடுதி, படிப்பு, சாப்பாடு. படாவிட்டால் மில். அடுத்த வருஷம் என்று ஒன்று காகிதப்படி அவளுக்குக் கிடையாது. மில்லுக்குப் போகிற பெண்கள் ஊரில் இல்லாமலா இருக்கிறார்கள், அது ஒன்றும் சாவு இல்லை. சாவு இல்லைதான். ஆனால் அவளுக்குச் சேர வேண்டிய வருஷம் அது, ஒன்றரை வருஷம், அதை யாரும் அவளைக் கேட்டு எடுக்கவில்லை.

அப்படியானால் அவளுக்கே கொடுத்துவிடலாம். பேச்சித்தாய் என்று ஒரு வார்த்தை. அய்யாத்துரை மகிழ்ந்துபோவார். கெங்குராஜ் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அப்புறம் சரியாகிவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. எடுத்ததைத் திருப்பி வைத்தாயிற்று. சுகிர்தத்துக்கு இந்த முடிவு வெயிலில் நடந்து வந்தவனுக்குக் கிடைத்த தண்ணீர் போல அவ்வளவு நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததாலேயே அவர் அதை நம்பவில்லை. திருப்பி வைப்பது யாருடையதை. வினோலியாவின் இடத்தை. வினோலியா இரண்டாயிரத்தைந்து பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் பிறந்து, அன்றைக்கே பதிவாகி, ஒரு நாள்கூட முன்னும் பின்னும் இல்லாமல் வளர்ந்தவள். என் பள்ளிக்கூடத்து ஆகஸ்ட் எண்ணிக்கைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம். அவள் மூன்று வருஷமாக, லீவுக்கு ஊருக்கு வருகிற நாளெல்லாம், காலை ஐந்தரைக்கு வந்து நூறு கார்னர் இழுத்திருக்கிறாள், பந்து பலகையில் மோதுகிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். அவளிடம் போய் உன்னைவிட இவள் நன்றாக ஆடுகிறாள் என்று சொல்ல வேண்டும். பச்சைப் பொய். ஒரு பொய்யைச் சரிக்கட்ட இன்னொன்று, அதுவும் இந்த வயதில். அதுமட்டுமா. பட்டியலைக் கேட்டதும் பேச்சித்தாய் உள்ளே ஓடிவருவாள், குனிந்து காலைத் தொடுவாள், வேண்டாம் என்றாலும் தொடுவாள், கண்ணீர் விடுவாள், சாகும்வரை மறக்கமாட்டேன் டீச்சர் என்பாள். நான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நன்றியை நினைத்தபோதுதான் சுகிர்தத்துக்கு முதல்முறையாகப் பயம் என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது. கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதல்ல. கண்டுபிடிக்கவே மாட்டார்கள் என்பது.

இல்லையென்றால் வினோலியா என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பது. அதுவும் நேர்மையாகத்தான் இருக்கும். ஆட்டத்தை மட்டும் பார்த்தேன், யாருக்கும் சலுகை காட்டவில்லை. மூன்று வருஷமாக அப்படித்தானே இருந்திருக்கிறேன், விதி விதிதான் என்று. எத்தனை கௌரவமான இடம், இங்கேயே உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்துவிடலாம்தான், ஆனால் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேரை விடுவதானால் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பலகையில் பட்டியலை ஒட்டிவிட்டு மறைந்துகொள்வது இங்கே இல்லை. விடப்பட்டவளை அறைக்குள் அழைத்து, நிற்கவைத்து, தலைவர் தம் வாயால் காரணம் சொல்ல வேண்டும். இதைக் கொண்டுவந்ததே சுகிர்தம்தான். தலைவரான முதல் கூட்டத்தில், பழைய குழுக்காரர்கள் சாதியையும் சொந்தத்தையும் பார்த்துப் பெயர் எழுதிவிட்டு முகம் காட்டாமல் போனதைக் கண்டித்து, சொல்ல முடியாத காரணம் காரணமே அல்ல என்று நிமிர்ந்து நின்று பேசினார். அந்தப் பேச்சை அவர் எழுதி வைத்துப் படித்தார். கைதட்டினார்கள். சொல்ல முடியாத காரணம் காரணமே அல்ல. நல்ல வாக்கியம். அவளுக்கு நான் என்ன காரணம் சொல்வேன். நீ நால்வரில் நான்காவது என்பேன். அது உண்மை. பாதி. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து நிற்க என்னால் முடியுமா. முடியும். அதுதான் கேவலம், முடியும், மூன்று வருஷமாக முடிந்திருக்கிறது, ஒரு நடுக்கமும் இல்லாமல். சொன்னால் என்ன ஆகும். கெங்குராஜுக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும், திங்கட்கிழமைக்குள் கடைவீதிக்குத் தெரியும். பென்ஷனுக்கு வில்லங்கம் வரலாம், வராமலும் போகலாம். கழகத்து நாற்காலி போய்விடும். இவற்றையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எதுவும் அத்தனை கனமாக இல்லை. கனமாக இருந்தது வேறொன்று: அந்தப் பெண் என்னைப் பார்க்கப் போகிற பார்வை. அது எப்படி இருக்கும் என்று அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே என்ன செய்தார்கள் என்று சொன்னவருக்கு, இது மட்டும் வெறுமையாக, எழுதாத தாளாக இருந்தது.

மணி நாலு நாற்பது. கெங்குராஜ் தொண்டையைச் செருமினார். அய்யாத்துரை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, உங்க இஷ்டம் டீச்சர், நீங்க எது சொன்னாலும் நியாயமாத்தான் இருக்கும் என்றார். சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றி மடித்து உறைக்குள் வைத்தார். வினோலியா என்று போடுங்கள் என்றார். கெங்குராஜின் விரல்கள் தட்டச்சு செய்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பட்டியல் போய்விட்டதா என்று கேட்டு, போய்விட்டது என்ற பிறகு, பெண்கள் இருவரையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். இருவரும் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்கள். பேச்சித்தாய் மட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். சுகிர்தம் எழுந்து நின்றார். விடப்பட்டவளுக்குக் காரணம் சொல்லும்போது அவர் உட்கார்ந்து சொல்வதில்லை.

வினோலியாவிடம் ஒரு வாக்கியம். அவள் தலையசைத்தாள், பக்கத்திலிருப்பவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் பேச்சித்தாயின் பக்கம் திரும்பினார்.

“உன் பேர் இல்லை. காரணம் ரெண்டு. ஹாஃபுக்கு ஆள் இருக்கு, கார்னருக்கு ஆள் இல்லை. அது முதல் காரணம்.”

“சரி டீச்சர்,” என்றாள் பேச்சித்தாய். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது சொன்ன அதே சரி.

“ரெண்டாவதையும் கேளு. இந்த மூணு இடத்துக்கு நீ போட்டி போட்டிருக்கவே வேண்டாம். உனக்கு வயசு தாண்டலை. நீ ரெண்டாயிரத்தாறு கார்த்திகையில பிறந்தவ. உங்க அம்மா என்கிட்ட சரியாத்தான் சொன்னாங்க. ஜூன்னு மாத்தி எழுதினது நான். எண்ணிக்கை குறைஞ்சா என் வேலை இடம் மாறிடும்னு எழுதினேன். உன் பேர் நேத்தே அந்தப் பதினஞ்சுல இருந்திருக்கணும். மூணு வருஷமா எனக்குத் தெரியும்.”

கெங்குராஜ், டீச்சர் என்று பாதி எழுந்தார். இதெல்லாம் இந்த ஊரில் நடக்கிறதுதானே, இதைப் போய் இப்போது, என்று என்னவோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அய்யாத்துரை கிளாஸைக் கீழே வைத்தார். தேதியைத் திருத்த எந்த அலுவலகத்துக்கு, எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் நான் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டு, முத்திரையோடு, என்று சுகிர்தம் சொன்னார். திருத்தி வருவதற்குள் இந்தப் போட்டி முடிந்திருக்கும் என்பதையும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டிய பாரம் அவள் தலையில் ஏறும். இன்னொன்றை ஏற்ற அவர் விரும்பவில்லை.

பேச்சித்தாயின் உதடுகள் லேசாக அசைந்தன. எண்ணுகிறாள் என்று சுகிர்தத்துக்குத் தெரிந்தது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எண்ணுகிறாள் என்பது தெரியவில்லை. பிறகு அவள் நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை, ஒரு பெரிய பொருளை எங்கே பிடித்துத் தூக்குவது என்று பார்க்கிற பார்வை அது. சுகிர்தம் கண்ணை விலக்கவில்லை. வெளியே திடலில் தண்ணீர் பீச்சும் குழாய்கள் திறந்துகொண்ட சத்தம் கேட்டது.

அந்த ஊரில் ஒருவர் படியை இன்னொருவர் ‘வாரேன்’ என்று சொல்லாமல் இறங்குவதில்லை. சண்டை போட்டவர்கள்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும்தான் சொல்லமாட்டார்கள். பேச்சித்தாய் மட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மேசையின்மேல் இருந்த தன் விண்ணப்பத் தாளை எடுத்து, நாலாக மடித்து, கால்சட்டைப் பைக்குள் வைத்தாள். வினோலியா கையை நீட்டினாள்; அவள் அதைப் பார்க்கவில்லை. படியிறங்கி, ஈரமான திடலின் குறுக்கே, ஓடாமல், நடந்து போனாள்.